பெண் வீட்டு பிரவுசரும் மாப்பிள்ளை வீட்டு பிரவுசரும்

திருக்காட்டுப்பள்ளி,
தை 14, புதன்கிழமை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மச்சான் தமிழ்மாறன் அவர்களுக்கு,

தங்கள் தங்கை மலர்க்கொடியின் கணவன் ரெத்தினம் வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் தங்கை, மகள் அறிவுமதி மூவரும் உடம்பளவில் சுகம். மனசளவில் எப்படி என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். அங்கே தாங்களும் அக்காவும் பிள்ளைகளும், தாங்கள் எண்ணப் போயிருக்கும் பறவைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ஞாயிறு மத்தியானத்திலிருந்து தங்களுக்கு முப்பத்தாறு தடவை போன் போட்டுவிட்டேன். தாங்கள் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் ஒவ்வொரு தடவையும் அதே பொறுமையோடு சொல்கிறாள். கோடியக்கரைக் காட்டில் பறவைக் கணக்கெடுப்பு முடிந்து தாங்கள் வீடு திரும்ப வெள்ளிக்கிழமை ஆகும் என்று அக்கா சொன்னார்கள். விஷயத்தை அக்காவிடமே போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் அக்கா முழுசாகக் கேட்பதற்கு முன்னாலேயே என் மேல்தான் தப்பு என்பார்கள். அதனால் எழுத்தில் தருகிறேன். எழுத்தென்றால் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். தாங்கள் நாலு மாதம் அலைந்து கொண்டுவந்த மன்னார்குடிச் சம்பந்தம் முறிந்துபோய்விட்டது. நகையில் முறியவில்லை. நாள் குறிப்பதில் முறியவில்லை. சாதகத்தை நம் இரண்டு வீட்டிலுமே பார்ப்பதில்லை. பிரவுசரில் முறிந்தது மச்சான். தாங்கள் இதைப் படித்துவிட்டு மறுபடியும் ஒரு தடவை படிப்பீர்கள். படியுங்கள். நானும் மூன்று நாளாக இதை நம்புவதற்கு முயன்றுகொண்டுதான் இருக்கிறேன்.

பிரவுசர் என்றால் என்ன என்று எனக்குப் போன வாரம் வரைக்கும் தெரியாது. இப்போது தேவைக்கு மேலேயே தெரியும். போனிலோ கம்ப்யூட்டரிலோ நெட்டுக்குள் போய் ஏதாவது ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால், எதைத் திறந்துகொண்டு உள்ளே போகிறோமோ அது பிரவுசர். அதில் பல கம்பெனிகள் இருக்கின்றன. பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று ஆகிவிடும். ஆகவே பெண் வீட்டு பிரவுசர், மாப்பிள்ளை வீட்டு பிரவுசர் என்று மட்டும் எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டுடையது ஊரில் முக்கால்வாசிப் பேர் வைத்திருப்பது. பெண் வீட்டுடையதை இந்த உலகத்திலேயே அறிவுமதி ஒருத்திதான் வைத்திருக்கிறாள். ஏனென்றால் அது வரும்போது எப்படி வந்ததோ அதில் ஒன்றைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை.

அறிவுமதிக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. இதற்கு முன்னால் வந்த மூன்று பையன்களும் எப்படிப் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். முதல் பையன் கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விட்டுவிட வேண்டும் என்றான். இரண்டாவது பையன் வேலையை விட வேண்டாம், வேலைக்குப் போகிறாள் என்று வெளியே சொல்லாமல் இருந்தால் போதும் என்றான். மூன்றாவது பையன் ஒன்றுமே சொல்லவில்லை, உட்கார்ந்ததிலிருந்து எழுந்து போகிற வரைக்கும் போனை விட்டு நிமிரவே இல்லை. மூன்று தடவையும் அறிவுமதி இரண்டு நிமிஷத்தில் அறையைவிட்டு வெளியே வந்து, "வேணாம்ப்பா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அந்த வேலை மேல் அவளுக்கு அப்படி ஒரு பிடிப்பு. நாம் நெட்டில் பார்க்கிற பக்கங்களைக் கட்டித் தருகிற வேலை அது, கொத்தனார் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக அவள் கம்ப்யூட்டரில் ஐந்து பிரவுசர் வைத்திருக்கிறாள். ஒரு பெண்பிள்ளைக்கு ஐந்து எதற்கு என்று எனக்கு முதல் அதிர்ச்சி அதில்தான் ஆரம்பித்தது. ஊரில் ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று வைத்திருப்பார்கள், கட்டிய பக்கம் எல்லாவற்றிலும் ஒழுங்காக நிற்கிறதா என்று பார்ப்பதற்கு நான்கு, தனக்கென்று ஒன்று என்றாள். தனக்கென்று வைத்திருக்கிற அந்த ஒன்றை ஆறு வருஷமாக உட்கார்ந்து செதுக்கியிருக்கிறாள். அதில்தான் நான் கை வைத்தேன்.

வைத்தது சனிக்கிழமை. மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்று வீட்டில் ஒட்டடை அடித்து, கேட்டுக்குப் பெயின்ட் அடித்து, மாட்டுக்கொட்டகை வரைக்கும் கழுவிவிட்டாயிற்று. அறிவுமதி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை உங்கள் தங்கை, ஜாக்கெட் தோள்பட்டையில் தொங்குகிறது, அரை நிமிஷ வேலை என்று சொல்லி அப்படியே தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கம்ப்யூட்டர் திறந்தபடி கிடந்தது. வயலில் சம்பா தலை சாய்ந்து நிற்கிறது. அறுவடை மெஷின் திங்கள்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேற்கே கருக்கட்டிக்கொண்டு வந்தது. என் போனில் நெட் சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மழை வருமா வராதா என்று ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். இதில் என்ன தப்பு, நீங்களே சொல்லுங்கள்.

உட்கார்ந்தவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. திரை முழுக்கக் கறுப்பு. மேலே பட்டை இல்லை, முன்னே போக, பின்னே போக அம்புக்குறி இல்லை, எங்கே எழுத வேண்டும் என்று ஒரு கட்டம்கூட இல்லை. இடது பக்கத்தில் மட்டும் திறந்துவைத்த பக்கங்களின் பெயர்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து, ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால் என்று போகிற மாதிரி இறங்கிக்கொண்டே போகிறது. சிலது பச்சை, சிலது சிவப்பு. எப்படியோ எழுதிப் பார்ப்போம் என்று இங்கிலீஷில் மழையைத் தட்டினேன். முதல் எழுத்துக்குப் பக்கம் மறைந்து மறுபடி வந்தது. அடுத்த எழுத்துக்கு வேறு எதுவோ ஆயிற்று. அவள் மவுஸையே தொடாமல் எழுத்துகளை வைத்தே எல்லா வேலையும் நடக்கும்படி செய்து வைத்திருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எஃப் என்ற எழுத்தில் கைபட்டதும் பக்கம் முழுக்க மஞ்சள் மஞ்சளாகச் சீட்டு முளைத்துவிட்டது. அழிப்பதற்குப் பெருக்கல் குறி மாதிரி இருக்கிறதே என்று எக்ஸை அழுத்தினேன். சீட்டோடு சேர்ந்து அந்தப் பக்கமே போய்விட்டது. வாய்க்காலில் ஒன்று குறைந்தது. திரும்பக் கொண்டுவரலாம் என்று மறுபடி அழுத்தினேன். இன்னொன்று குறைந்தது. பதினோரு வாய்க்கால் தூர்ந்த பிறகுதான் கையை எடுத்தேன்.

மறுநாள் மாப்பிள்ளை வீட்டார் வருகிற நேரத்தில் பெண்ணுடைய கம்ப்யூட்டர் இப்படிப் பழுதாகிக் கிடக்கலாமா? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறாரே அஸார், பட்டா சிட்டா எல்லாம் எடுத்துத் தருவாரே, அவரைக் கூப்பிட்டேன். பாவம், கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். பார்த்தவர், "சார், இது நான் பார்த்த எந்த மாடல் மாதிரியும் இல்லையே" என்றார். வாங்கின புதுசில் இருந்த மாதிரி ஆக்கிவிடலாம், ஆனால் பாப்பா செய்து வைத்திருப்பது எல்லாம் போய்விடும், பாப்பாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமா என்றார். இரண்டு தடவை கேட்டார், அதை நான் மறைக்க மாட்டேன். பாப்பா சொல்ல மறந்திருப்பாள், பழுதுதான், நீங்கள் செய்யுங்கள் என்றேன். திரையில் இங்கிலீஷில் நாலு வரி வந்தது. சரி, வேண்டாம் என்று இரண்டு பொத்தான். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணாடியைக்கூடப் போடாமல் சரி என்றேன்.

ஒரு நிமிஷம்தான் மச்சான். பளிச்சென்று ஆகிவிட்டது. வெள்ளை வெளேரென்று பக்கம், மேலே பட்டை, பட்டையில் அம்புக்குறி, நடுவில் எழுதுவதற்குக் கட்டம், பின்னால் தாமரைப்பூ படம். மூலையில் தஞ்சாவூர், இருபத்தெட்டு டிகிரி, மழை இல்லை என்று தானாகவே போட்டிருந்தது. வெள்ளையடித்த வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைக் காட்டினால் அறிவுமதிக்குத்தான் பெருமை என்று எண்ணிக்கொண்டு கம்ப்யூட்டரை மூடி, மேலே ஒரு துணியும் போட்டு வைத்தேன். அன்று சாயங்காலம் தஞ்சாவூரிலிருந்து வந்தவளை உங்கள் தங்கை முகத்துக்கு எதையோ பூசிப் படுக்கவைத்துவிட்டதால் அவள் கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. இந்த விஷயம் உலகத்தில் எனக்கும் அஸாருக்கும் இப்போது உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். அக்காவுக்கு இந்தப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஒரு வேனில் ஏழு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை வளவன் தங்கமான பையன், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. அவர் அப்பா அண்ணாதுரை முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் உள்ளே நகரச் சொல்லி உட்காரவைத்துவிட்டார். பேச்சும் நன்றாகத்தான் போயிற்று. எங்கள் வயல் சம்பா என்ன ரகம், அவர் வயலில் என்ன ரகம், அதில் எது சாயும் எது சாயாது என்று அரை மணி நேரம் இருவரும் பேசினோம். அப்புறம் அவராகவே, "இலையப் போடுங்க, பசிக்குது" என்றார். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிடிக்காத வீட்டில் காபியோடு எழுந்துவிடுவார்கள், கை நனைக்கிறோம் என்று சொன்னால் சம்மதம் என்று அர்த்தம். உங்கள் தங்கை அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். இலை போடுகிற பத்து நிமிஷத்தில் பிள்ளைகள் இருவரும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ளட்டும் என்று அறைக்குள் அனுப்பினோம்.

இந்தக் காலத்துப் பையன்கள் பெண்ணிடம் தனியாக என்ன கேட்பார்கள்? பாட்டு வருமா, சமைக்க வருமா, வெளிநாடு வருவாயா என்று கேட்பார்கள். இவர் கேட்ட முதல் கேள்வி, நீங்கள் எந்த பிரவுசர் வைத்திருக்கிறீர்கள் என்பது. இவரும் அதே கொத்தனார் வேலைதானே. தண்ணீர்ச் சொம்போடு அறை வாசலில் நின்றுகொண்டிருந்த என் காதிலும் இது விழுந்தது. அறிவுமதி பெருமையாகச் சிரித்துக்கொண்டு, காட்டுகிறேன் வாங்க என்று துணியை எடுப்பதும், கம்ப்யூட்டரைத் திறப்பதும் கதவிடுக்கில் தெரிந்தது. அப்புறம் அவள் மெதுவாக, "எல்லாம் போயிடுச்சு" என்றாள். நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது சண்டை. எல்லாவற்றையும் முதலிலிருந்து வைக்க வேண்டும், நான் கூட இருந்து வைத்துத் தருகிறேன் என்று அவர் நாற்காலியை இழுத்துப்போட்டார். சரி, நல்ல பையன் என்று நினைத்தேன். விளம்பரங்களை உள்ளே விடுவதா தடுப்பதா என்பதில் இரண்டாவது நிமிஷமே குரல் ஏறிவிட்டது. நான் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. "இவ்வளவையும் தடுத்து வச்சா எப்படிங்க வாழறது?" என்கிறார் இவர். "இவ்வளவையும் உள்ள விட்டா மட்டும் வாழ்ந்துட முடியுமா?" என்கிறாள் இவள். இதெல்லாம் தேவையே இல்லை, எடுங்கள் என்கிறார். முடியாது, இது இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்கிறாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் குக்கீ வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு பலகை வருமாம், நம்மைப் பற்றிக் குறித்து வைத்துக்கொள்வதற்கு நம்மிடமே அனுமதி கேட்பதாம் அது. அதில் இவர் எதையும் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சரி என்று அழுத்தியிருக்கிறார். "படிக்காமலே சரின்னு அழுத்துறது உங்களுக்குப் பழக்கமா?" என்று கேட்டாள் பாருங்கள், வாசலில் நின்ற எனக்குச் சுருக்கென்று தைத்தது. அவர் பதிலுக்கு, மாசத்துக்கு எத்தனை தடவை இப்படி உட்கார்ந்து செதுக்குவீர்கள், எப்போதுதான் வேலை பார்ப்பீர்கள் என்று கேட்டார். அவள் மேஜையில் ஓங்கித் தட்டினாள். பத்து நிமிஷம் இருபது ஆயிற்று, நாற்பது ஆயிற்று. போட்ட இலை வதங்க ஆரம்பித்தது. வேனில் வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நானும் அண்ணாதுரையும் ஒரே நேரத்தில் அறை வாசலுக்குப் போனோம். என்ன சத்தம் என்று அவர் மகனைக் கேட்டார். ஒன்றுமில்லையப்பா, இவங்க பிரவுசரில் எல்லாம் அழிந்துவிட்டது, எதை வைப்பது எதை விடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம் என்றார் மாப்பிள்ளை. அண்ணாதுரை ரொம்ப சாதாரணமாக, "நம்ம வீட்ல வச்சிருக்கிறதையே வச்சுக்க வேண்டியதுதானே, அதுல என்ன பேச்சு" என்றார். இப்போது யோசித்தால் அவர் அதை நல்ல மனசோடுதான் சொல்லியிருக்கிறார். ஆனால் அழிந்துவிட்டது என்ற சொல் என் காதுக்குள் இருந்துகொண்டு குடைந்ததா, யாராவது எப்படி அழிந்தது என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயமா, என்னமோ, எனக்கு வாய் முந்திக்கொண்டது. எங்கள் பெண் வைத்திருப்பதற்கு என்ன குறைச்சல் என்றேன். வருகிற பெண் எங்கள் வீட்டு வழக்கத்துக்கு வர வேண்டாமா, எங்கள் பரம்பரையில் யாரும் பிரவுசரை மாற்றினதில்லை என்றார் அவர். ஆறு வருஷமாக வைத்திருப்பதை என் மகள் எவனுக்காகவும் மாற்ற மாட்டாள் என்று நான் முழங்கினேன். மச்சான், அதை முந்தின நாள் சுத்தமாகத் துடைத்தவன் நான். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கே அதிர்ச்சியாக இருந்தது.

பிள்ளைகள் இருவரும் எழுந்து ஒரே குரலில், அப்பா சும்மா இருங்க என்றார்கள். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், அவர் அவருடைய அப்பாவைப் பார்த்துச் சொன்னார். நாங்கள் இருவரும் கேட்கிற நிலையில் இல்லை. வேனில் வந்த ஒருவர், மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையாம், ஒரு மாசம் இந்த பிரவுசர், ஒரு மாசம் அந்த பிரவுசர் என்று முறைவைத்துத் தண்ணீர் விடுகிற மாதிரி வைத்துக்கொண்டால் என்ன என்று சமாதானம் பேசினார். முதல் முறை யாருக்கு என்று அதிலும் ஒரு தகராறு வந்தது. பிரவுசர் என்றால் என்னவென்று அண்ணாதுரைக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, பெரியப்பாவுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஆனால் யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தச் சூட்டில்தான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது. "டிக்கெட் கிழிச்சவருக்கு பிரவுசரப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணாதுரை துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வரிசையாகப் போட்டிருந்த இலைகளைத் தாண்டி வாசலுக்குப் போய் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போனார்கள். கடைசியாகப் போன மாப்பிள்ளை என்னிடம், வருகிறேன் மாமா என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த ஒரு சொல்தான் என்னை இன்றைக்கு வரைக்கும் தூங்கவிடாமல் செய்கிறது. பதினைந்து பேருக்குச் சமைத்ததை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து அனுப்பினோம். வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள். பிரவுசர் சண்டை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சீர் விஷயத்தில் ஒத்துவரவில்லை என்று சொல்லிவைத்தேன்.

இன்றோடு மூன்று நாள் ஆகிறது. உங்கள் தங்கை என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அறுவடை மெஷின் வந்து அறுத்துவிட்டுப் போயிற்று. களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது, அதைப் பார்க்கிற சந்தோஷம்கூட வரவில்லை. அறிவுமதி அறைக்கதவைச் சாத்தினவள் சாத்தினவள்தான். சாப்பிட மட்டும் வருகிறாள், என் முகத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே விடாமல் டக்கு டக்கென்று தட்டுகிற சத்தம் கேட்கிறது. நடுநடுவே தேம்புகிற மாதிரி ஒரு குரல். ஆறு வருஷ உழைப்பைத் தன்னந்தனியாக ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நினைக்கும்போது எனக்கு என் மேலேயே வெறுப்பாக வருகிறது. கதவைத் தட்டி நான்தான் செய்தேன் என்று சொல்லிவிட வேண்டும் என்று ஒரு நாளைக்கு நாலு தடவை போகிறேன். போய்விட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வருகிறேன். மூன்று பையன்களை இரண்டு நிமிஷத்தில் அனுப்பினவள், இவரோடு நாற்பது நிமிஷம் சண்டை போட்டாள் என்றால் மனசு எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

ஆகையால் மச்சான், நீங்கள் காட்டைவிட்டு வெளியே வந்ததும் முதல் வேலையாக அண்ணாதுரைக்குப் போன் செய்து, பெண் வீட்டுக்கு விருப்பமில்லை என்று கௌரவமாகச் சொல்லிவிடுங்கள். அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட வேண்டும். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு என் சார்பில் ஏதாவது சமாதானம் சொல்ல முடிந்தால் சொல்லுங்கள், முடியாவிட்டால் எனக்கு ரத்தக்கொதிப்பு என்று சொல்லுங்கள். அடுத்ததாக, அறிவுமதிக்கு வேறு இடம் பாருங்கள். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையனே வேண்டாம். வாத்தியார், வங்கி என்று பார்த்தாலும் அவர்களிடமும் ஏதாவது ஒரு பிரவுசர் இருக்கத்தான் செய்யும். போனே எட்டாத உங்கள் காட்டிலேயே வனத்துறையில் அடக்கமான பையன் யாராவது இருந்தால் விசாரியுங்கள். பறவை எண்ணுகிறவனாக இருந்தால் பொறுமைசாலியாகத்தான் இருப்பான்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நன்றாகப் படித்து நல்ல நிலைக்கு வர என் ஆசிகள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், உப்புக்காற்றில் தலையில் துண்டு இல்லாமல் நிற்க வேண்டாம் என்று உங்கள் தங்கை சொல்லச் சொல்வாள், என்னோடு பேசினால்.

இப்படிக்கு,
தங்கள் தங்கை வீட்டில் இன்னும் சோறு கிடைத்துக்கொண்டிருக்கும்,
கா. ரெத்தினம்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி மடித்துவிட்டு, உறை ஒட்டப் பசை வேண்டுமென்று அறிவுமதியின் கதவைத் தட்டினேன். பதில் இல்லை என்று திறந்துவிட்டேன். அவள் தேம்பவில்லை மச்சான், சிரித்துக்கொண்டிருந்தாள். காதில் ஹெட்போன். கம்ப்யூட்டரில் மூலையில் ஒரு சின்னக் கட்டம், கட்டத்துக்குள் மாப்பிள்ளை வளவன். என்னைப் பார்த்ததும் அவர் அந்தக் கட்டத்துக்குள்ளேயே மரியாதையாக எழுந்து நின்றுவிட்டார், இடுப்பு மட்டும்தான் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலத்திலிருந்து இருவரும் வேலை முடிந்ததும் இப்படித்தான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசிப் பேசி அந்த பிரவுசரைத் திரும்பக் கட்டுகிறார்களாம். அன்றைக்கு அவ்வளவு சண்டை போட்டீர்களே அம்மா என்றேன். "அது சண்டை இல்லப்பா. என் வேலையப் பத்தி ஒருத்தர் இவ்ளோ நேரம் எங்கூடப் பேசினது அதான் மொத தடவ" என்றாள்.

இருபத்தொன்பது வருஷமாக அவளுக்கு அப்பா நான். சந்தோஷம் வந்தால் அவள் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அழுதுவிட்டேன். அழுதுகொண்டே அஸாரைக் கூப்பிட்டது, சரி என்றது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியுமாம். அஸார், பிரவுசரைத் திறந்ததும் வருகிற பக்கத்தின் அடியில் தன் கடைப் பெயரையும் போன் நம்பரையும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஆறு வருஷத்து உழைப்பை அழித்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் எதையோ தட்டி அந்தப் பக்கம் நாங்கள் பேசுவது கேட்காதபடி செய்துவிட்டு, விதைநெல் எடுத்து வைக்கிற மாதிரி அவள் செய்த எல்லாவற்றுக்கும் ஒரு பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைத்திருப்பதாகவும், இரண்டு நிமிஷத்தில் பழையபடி வந்துவிடும் என்றும் சொன்னாள். அப்படியானால் மூன்று நாளாக இருவரும் என்னதான் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். அவள் திரும்பி, இன்னும் உட்காராமல் அந்தக் கட்டத்துக்குள் நிற்கிறவரைப் பார்த்தாள். "அவருகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்றாள்.

நாலு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள், வேறு கடிதம் எழுத நேரமில்லை. மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். அண்ணாதுரைக்குப் போன் செய்ய வேண்டாம், காட்டில் யாரையும் விசாரிக்க வேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நான் மன்னார்குடிக்குப் போய் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கப் போகிறேன். அவர் இலை போட்டால் கை நனைத்துவிட்டுத்தான் வருவேன். அந்தப் பேக்கப் விஷயத்தை நான் உயிர் போனாலும் வெளியே விட மாட்டேன், நீங்களும் மறந்தும் மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள்.